பூச்சியக் கோடு

சான் லெயாந்த்ரோ கோட்டை மொத்தம் நான்கு வருடமும் ஏழு மாதமும்தான் உயிரோடிருந்தது. ஸ்பானியப் பேரரசின் வடக்கு எல்லை என்று யாரோ வரைபடத்தில் ஒரு கோடு இழுத்து, அதைக் காப்பதற்காக அரிசோனாப் பாலைவனத்தில், ஓர் ஆற்றங்கரை மேட்டில், சுடாத மண்கல்லால் கட்டிய கோட்டை. நான்கு மூலையிலும் காவல் கொத்தளம் எழுப்புவது திட்டம். ஒன்றுதான் முடிந்தது. தேவாலயத்துக்குக் கூரை போடுமுன்னமே அதன் தரைக்குள் ஆட்களைப் புதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாம் வருடம், மிஞ்சிய படைவீரர்கள் கதவுகளைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். பிறகு இருநூற்றைம்பது வருடமாக மழை அந்தச் சுவர்களைக் கரைத்துக்கொண்டிருந்தது.

சாம்பவி அங்கே போனது பற்களுக்காக.

அவள் அகழாய்வாளர் அல்ல; ஆய்வுகூடக்காரி. பதினொரு வயதில் வன்னிப் போரின் கடைசி மாதங்களைக் கடந்து, தாயோடு தாய்லாந்து போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்தவள். படித்துப் பட்டம் பெற்ற பின்பு பத்து வருடம் செலவழித்து ஓர் இயந்திரத்தைச் செய்திருந்தாள். அதைப் பரீட்சித்துப் பார்க்க, இறந்த தேதி ஓரளவு தெரிந்த, ஒரே இடத்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த மனிதர்களின் பற்கள் தேவைப்பட்டன. நான்கு வருடமே இருந்த ஒரு கோட்டையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று அகழாய்வுத் தலைவர் பேராசிரியர் வெஸ்காட் அழைத்திருந்தார்.

முதல் நாளே அவளை மறித்துக் கேள்வி கேட்டவள் டெல்ஃபினா. அந்தப் பாலைவனத்தின் பழங்குடிகளான ஓதாம் மக்கள், தங்கள் முன்னோரின் எலும்புகள் எப்படிக் கையாளப்படுகின்றன என்று கண்காணிக்க அவளை நியமித்திருந்தார்கள். சாம்பவியின் வயதுதான் இருக்கும். தலையில் ஒரு பழைய தொப்பி, கையில் எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகம்.

"எங்கள் சபை ஆளுக்கு ஒரு பல் என்று அனுமதி கொடுத்திருக்கிறது. இரண்டு வருடத்தில் திருப்பித் தரவேண்டும். அதற்குமுன் எனக்கு ஒன்று விளங்கவேண்டும். பல்லில் என்ன தேடுகிறீர்கள்?"

"பயத்தை," என்றாள் சாம்பவி.

டெல்ஃபினா சிரிக்கவில்லை. "சொல்லுங்கள்."

"மரத்தில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும், தெரியுந்தானே. பல்லின் உட்சுவரில் சாகும்வரை நாளுக்கு ஒரு படலம் விழும். தலைமயிரைவிட மெல்லியது. நாங்கள் பயந்தால் இரத்தத்தில் ஒரு சுரப்பு ஏறும். அது அன்றைய படலத்தில் தங்கிவிடும். ஒவ்வொரு படலமாக அளந்துகொண்டு போனால், இன்னார் இன்ன நாளில் எவ்வளவு பயந்தார் என்று கோடு கீறிக் காட்டலாம்."

"சந்தோஷப்பட்ட நாள்?"

"அது தங்குவதில்லை."

டெல்ஃபினா அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

அறுபத்தோரு எலும்புக்கூடுகள் கிடைத்தன. தேவாலயத் தரைக்குள் முப்பத்தெட்டு: படைவீரர்கள், சிலரின் மனைவிமார், பிள்ளைகள். கோட்டையின் வடக்குச் சுவருக்கு வெளியே இருபத்துமூன்று. அவர்கள் ஓதாம் மக்கள், பெரும்பாலும் பெண்கள். சவப்பெட்டி இல்லை, பாசிமணி இல்லை, ஒரு சிலுவைகூட இல்லை.

இயந்திரம் தேவாலயத் தரைக்குள் கிடந்தவர்களின் பற்களை வாசித்தபோது சாம்பவி நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டுக் கோடுகளும் மலைத்தொடர்போல ஏறி இறங்கின. ஒரு குறிப்பிட்ட நாளில், அன்று உயிரோடிருந்த எல்லோரின் கோடுகளும் ஒன்றாகச் செங்குத்தாக எழுந்தன. கோட்டைத் தளபதி மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களின் படிகள் வெஸ்காட்டிடம் இருந்தன. எடுத்துப் பார்த்தார்கள். அதே நாளில் கோட்டை தாக்கப்பட்டிருந்தது. பதினொரு பேர் செத்திருந்தார்கள்.

வெஸ்காட் எழுந்து நின்று கை தட்டினார். அறுபது வயது மனிதர், சிறுபிள்ளைபோலக் கண்கலங்கினார்.

பிறகு வடக்குச் சுவர் இருபத்துமூன்று பேரின் பற்கள். எல்லாம் தட்டையான கோடுகள். மேடு இல்லை, பள்ளம் இல்லை. தாக்குதல் நடந்த நாளில்கூட அசைவில்லை. சிலரின் கோடுகளில் ஆரம்பத்தில் கொஞ்சம் ஏற்றம் தெரிந்தது. அதைச் சாம்பவி கோட்டைக்கு வருமுன் நடந்தது என்று கழித்துவிட்டாள்.

"தளபதி இதைத்தானே எழுதியிருக்கிறான்," என்றார் வெஸ்காட். "'சுதேசிகள் தாமாகவே வந்து எங்கள் நிழலில் நிம்மதியாக வாழ்கிறார்கள்' என்று. இருநூறு வருடமாக இதைப் பொய் என்றோம். பற்கள் உண்மை என்கின்றன."

டெல்ஃபினா சாம்பவியை வடக்குச் சுவரோரம் கூட்டிப்போனாள். உட்புறமாக வரிசையாக ஏழு சின்ன அறைகள் இருந்த இடம். ஒரு வாசலின் மண்நிலையில் இரண்டு பக்கமும் முஷ்டி அளவு துளைகள்.

"இது என்ன?"

"கதவுக்குக் குறுக்குக்கட்டை போடுகிற துளை."

"எந்தப் பக்கம் இருக்கிறது?"

சாம்பவி குனிந்து பார்த்தாள். துளைகள் முற்றத்துப் பக்கம் இருந்தன. கட்டையை வெளியிலிருந்துதான் போட முடியும்.

"ஏழு அறைக்கும் இப்படித்தான்," என்றாள் டெல்ஃபினா. "நிம்மதியாக இருந்தவர்களை ஏன் வெளியிலிருந்து பூட்டவேண்டும்?"

வெஸ்காட்டிடம் கேட்டபோது அவை தானிய அறைகளாக இருந்திருக்கலாம், திருட்டுப் பயத்துக்குப் பூட்டியிருப்பார்கள் என்றார். அறைத் தரையில் தானியம் எதுவும் கிடைக்கவில்லை; சாம்பலும் எலும்புத்துண்டுகளும்தான் கிடைத்திருந்தன. ஆனாலும் சாம்பவி அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டாள். கதவு நிலையை எப்படியும் விளங்கிக்கொள்ளலாம், அளவு அப்படியல்ல என்று நினைத்தாள். அறிக்கையில் அந்தப் பகுதியை எழுதியவள் அவள்தான். 'வடக்குச் சுவர்க் குழுவினர் தொடர் அச்சம் இன்றி வாழ்ந்திருக்கிறார்கள்.' டெல்ஃபினாவின் ஆட்சேபம் அடிக்குறிப்பு நாற்பத்தொன்றாகப் போனது.

இன்னுமொன்று செய்தாள். எந்த அளவைக்கும் ஒரு பூச்சியம் வேண்டும். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று ஒரு புள்ளி. இருபத்துமூன்று பேரில் பதினேழாம் இலக்கம் ஒரு குழந்தை. மூன்று வயதுக்கு மேல் இராது. கோட்டைக்குள்ளேயே பிறந்து கோட்டைக்குள்ளேயே இறந்தது. அதன் பால்பல்லில் கோடு முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. இதைவிடச் சுத்தமான அமைதி கிடைக்காது. அந்த நேர்கோட்டைப் பூச்சியம் என்று வைத்தாள். உலகத்தின் மற்றப் பயங்களெல்லாம் அதிலிருந்து அளக்கப்பட்டன.

ஆய்வு வெளியானதும் பத்திரிகைகள் தேடி வந்தன. பக்கத்து ஊர் அருங்காட்சியகத்தில் 'இங்கே அச்சமின்றி ஒன்றாய் வாழ்ந்தார்கள்' என்று பலகை வைத்தார்கள். டெல்ஃபினா அதன்பின் சாம்பவியோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

இரண்டு வருடத்தில் எல்லைத் தடுப்பு முகாம்களை நடத்தும் ஒரு தனியார் நிறுவனம் இயந்திரத்தின் உரிமையை வாங்கியது. அடைக்கலம் கேட்டு வருகிறவர்களின் பல் ஒன்றைப் பிடுங்கி வாசித்தால், அவர்கள் சொந்த நாட்டில் உண்மையாகவே பயந்து வாழ்ந்தார்களா என்று தெரிந்துவிடும்.

சாம்பவி மறுக்கவில்லை. ஓய்வு நாட்களில் அவள் முகாம்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகவும் போய்வந்தாள். தேதி மாறிச் சொன்னதால், அழாததால், கூடுதலாக அழுததால் பொய்யரென்று திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ பேரின் பக்கத்தில் இருந்திருக்கிறாள். கொழும்பில் கைதானது செவ்வாயா புதனா என்று தடுமாறிய ஒரு முதியவர் அந்த ஒரு நாளால் தோற்றுப்போனதைத் தன் வாயாலேயே அவருக்குச் சொல்லியிருக்கிறாள். "பல்லுக்குக் கிழமை குழம்பாது," என்று ஒரு நேர்காணலில் சொன்னாள். அந்த வாசகத்தை நிறுவனம் தன் விளம்பரத்தில் போட்டது.

தவமலரை அவள் சந்தித்தது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல்.

தவமலருக்கு நாற்பது வயது. முல்லைத்தீவுப் பக்கம். கணவர் இராணுவ முகாமில் கையெழுத்துப் போடப் போய்த் திரும்பி வரவில்லை. அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக வீதியோரப் போராட்டத்தில் நின்றவள். அதற்காக வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடைசியாக வந்தவர்கள் அவளையும் வாகனத்தில் ஏற்றிப்போய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி விட்டார்கள். அதன் பிறகு பிள்ளைகளைத் தாயிடம் விட்டு, காணியை விற்று, ஆறு நாடு கடந்து, காடு கடந்து எல்லை மதிலுக்கு வந்து சேர்ந்தாள். வலது கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. போன கிழமைதான் பல் எடுத்திருந்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி முடிவை வாசித்தார். சாம்பவி அதைத் தமிழில் சொல்லவேண்டும். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து மறுபடி வாசித்தாள். அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"அக்கா," என்றாள் சாம்பவி, "உங்கட பல்லை வாசிச்சதில, பயம் இருந்ததுக்கு அடையாளம் இல்லையெண்டு வந்திருக்கு."

"விளங்கேல்ல."

"நீங்கள் அங்க பயந்து வாழேல்ல எண்டு சொல்லுகினம். அந்த ரெண்டு நாளிலயும்கூடக் கோடு அசையேல்லையாம்."

தவமலர் வீங்கிய கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சாம்பவியையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிக்க நோகிறபடியால் வாயைக் கோணிக்கொண்டு சிரித்தாள்.

"எனக்குப் பயமில்லையாமோ?"

"அப்பிடித்தான் இயந்திரம் சொல்லுது."

"அதுகும் ஒரு வகையில சரிதான் தங்கச்சி. பயமெண்டால் வரும், பிறகு போகும். நாய் குலைச்சா பயம் வரும், நாய் போனாப் போயிடும். எங்கட வீட்டில அது வந்தது, பிறகு போகேல்ல. அவை வந்து ஏத்தேக்க, சரி, வந்திட்டினம் எண்டுதான் நினைச்சன். அடுப்பை நூத்திட்டுப் போனன்."

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி கேட்டார்.

சாம்பவி மொழிபெயர்த்தாள். "அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன் என்கிறார்," என்று கடைசி வசனத்தையும் சொன்னாள். அதிகாரி 'கைதின்போது பதற்றமின்றி இருந்திருக்கிறார்' என்று குறித்துக்கொண்டார்.

"மேல்முறையீடு செய்யலாம் அக்கா. செய்யிறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள் சாம்பவி. மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை சொல்லக்கூடாது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது.

தவமலர் செய்வதாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை சாம்பவி பல்வைத்தியரிடம் போய், கீழ்த்தாடையின் கடைசிப் பல்லை எடுத்துவிடச் சொன்னாள். பல் நன்றாகத்தானே இருக்கிறது என்றார் வைத்தியர். "எனக்கு அது வேணும்," என்றாள்.

அந்தப் பல்லின் வேர் ஒன்பது வயதிலிருந்து இருபது வயதுவரை வளரும்; அந்த வயதுப் படலங்கள் அதில்தான் தடிப்பாகவும் தெளிவாகவும் இருக்கும். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டே பல்லை அரிந்து தன் இயந்திரத்தில் வைத்தாள். கோடு திரையில் இடமிருந்து வலமாக வளர்ந்தது. ஒன்பது வயது, பத்து வயது: சிறு சிறு மேடுகள். பள்ளிக்கூடப் பரீட்சைகளாக இருக்கலாம். பிறகு 2009 தை மாதம். கோடு செங்குத்தாக எழுந்தது. அவர்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட கிழமை. பதுங்குகுழி, அடுத்த ஊர், அடுத்த பதுங்குகுழி. மாசி நடுவரைக்கும் மலை மலையாக நின்றது. அப்பா எறிகணை விழுந்து செத்தது பங்குனி ஒன்பதாம் தேதி. அந்த நாளை எடுத்துப் பெரிதாக்கினாள்.

அங்கே ஒன்றுமில்லை.

மாசிக் கடைசியிலேயே கோடு சரியத் தொடங்கி, பங்குனி பிறக்கும்போது தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அப்பா செத்த நாளும் கடற்கரையில் இரண்டு நாள் பட்டினி கிடந்த நாளும் முட்கம்பி முகாமும் படகும் எல்லாம் ஒரே தட்டை. இரண்டேகால் வருடம் கழித்து, தாய்லாந்தில், ஒரு சாதாரண நாளில் கோடு மெல்ல நடுங்கியது. பயப்படும் பலம் திரும்பியிருந்தது. அன்று என்ன நடந்ததென்று அவளுக்கு ஞாபகமில்லை.

வாயிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்தாள். பிறகு வடக்குச் சுவர் இருபத்துமூன்று பேரின் கோடுகளைத் திறந்தாள். கோட்டைக்கு வருமுன் நடந்தது என்று கழித்துவிட்ட ஆரம்பப் பகுதிகளை மீண்டும் சேர்த்தாள். ஒவ்வொருவரிடமும் அதே உருவம். செங்குத்தான ஏற்றம், சில கிழமைகள், பிறகு சரிவு, பிறகு தட்டை. ஒருத்திக்கு மூன்று கிழமையில் சரிந்திருந்தது. இன்னொருத்தி ஐந்து மாதம் தாக்குப்பிடித்திருந்தாள். ஏற்றம் தொடங்கிய நாட்களைத் தளபதியின் கடிதங்களோடு ஒப்பிட்டாள். 'இன்று மேலும் ஆறு சுதேசிகள் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.' ஆறு பேருக்கும் அன்றுதான் ஏற்றம்.

கடைசியாகப் பதினேழாம் இலக்கத்தைத் திறந்தாள். பிறக்கிற நாளில் எந்தக் குழந்தையின் பல்லிலும் ஒரு கோடு விழும். கருப்பைக்கு வெளியே வருவது அவ்வளவு பெரிய அதிர்ச்சி. இந்தக் குழந்தைக்கு அதுகூட மங்கலாகத்தான் இருந்தது. தாயின் வயிற்றிலிருந்தே அந்த உடல் பயத்துக்குள் ஊறிக் களைத்துப்போயிருந்தது.

அதைத்தான் அவள் பூச்சியம் என்று வைத்திருந்தாள்.

மறுநாள் டெல்ஃபினாவின் வீட்டுக்கு ஒன்றரை மணிநேரம் கார் ஓட்டிப் போனாள். டெல்ஃபினா முற்றத்தில் ஒரு தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாம்பவி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பல் எடுத்த இடம் வலித்ததால் சொற்கள் தடுமாறின. டெல்ஃபினா துடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அடிக்குறிப்பு நாற்பத்தொன்று," என்றாள் கடைசியில்.

"ஓம்."

"நான் உங்களிடம் இயந்திரம் எதுவும் கேட்கவில்லை. கதவைக் காட்டினேன். குனிந்து பார்த்தீர்கள். கண்ணால் கண்டீர்கள்."

சாம்பவி ஓரடி முன்னால் வந்தாள்.

"மன்னிப்பு வேண்டாம்," என்றாள் டெல்ஃபினா, அவள் வாய் திறக்குமுன். "தவணை எப்போதோ கடந்துவிட்டது. எங்கள் ஆட்களின் பற்களைத் திருப்பித் தாருங்கள். இருபத்துமூன்றையும்."

"இருபத்திரண்டு இருக்கின்றன."

பம்பைத் துடைத்த கை நின்றது.

"குழந்தையின் பல்லை அரைத்துவிட்டார்கள். ஒவ்வொரு இயந்திரத்தையும் சரிபார்க்க ஒரு மாதிரித்தூள் வேண்டும். நிறுவனம் அதைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து எல்லா முகாமுக்கும் அனுப்பிவிட்டது. ஒப்பந்தம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. உங்கள் சபைக்கு நான் அறிவிக்கவில்லை."

டெல்ஃபினா எழுந்து வீட்டுக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. சாம்பவி காரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

பத்து நாளில் எழுபது பக்க அறிக்கை எழுதினாள். தன் பல்லின் கோட்டையும் அதில் போட்டாள். 'தட்டைக் கோடு அச்சமின்மையின் அடையாளம் அல்ல. நீண்டகால அச்சத்துக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொண்டதன் அடையாளம். இதனால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களே நிராகரிக்கப்படுகிறார்கள்.' வெஸ்காட் கையெழுத்திட மறுத்தார். வயதான காலத்தில் தன்னை முட்டாளாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவள் தனியாகவே கொண்டுபோனாள்.

நிறுவனத்தில் அவளைச் சந்தித்தவன் கெல்லர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் எதிர்பார்த்ததுபோல அவன் மறுத்துப் பேசவில்லை. முழு அறிக்கையையும் ஏற்கெனவே படித்திருந்தான். ஓரங்களில் பென்சிலால் குறிப்புகள்கூட எழுதியிருந்தான்.

"உங்கள் பல்லையே எடுத்திருக்கிறீர்கள்," என்றான். "எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்."

"தட்டைக் கோட்டால் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறீர்கள்?"

"அதை நான் சொல்ல முடியாது."

"நூறா? ஆயிரமா?"

அவன் அறிக்கையின் மூலையை மடித்துக்கொண்டிருந்தான். "உங்கள் விஞ்ஞானம் சரி, டாக்டர். இதை மேலே அனுப்புகிறேன். விதி மாறும். என் சொல்லை நம்புங்கள்."

அவள் நம்பினாள். அன்று பின்னேரம் முகாமுக்குத் தொலைபேசி எடுத்து, தவமலரின் மேல்முறையீடு இன்னும் முடியவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் பல மாதத்துக்குப் பிறகு கடையில் நின்று நல்ல மீன் வாங்கினாள்.

ஒன்பது கிழமை கழித்து மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. விதிகள் திருத்தப்பட்டுள்ளன, புதிய படிவங்களில் வரும் சில புதிய சொற்களுக்கு அவரவர் மொழியில் பொருத்தமான சொல் தேவை. சாம்பவி பட்டியலைத் திறந்தாள். நான்காவது சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கம் இருந்தது.

'தட்டைக் கோடு உடையவர்கள் இனிமேல் "அச்சமற்றவர்" என்று வகைப்படுத்தப்படமாட்டார்கள். இது தவறு என்று ஆய்வு நிறுவியுள்ளது. அவர்களின் உடல் தன் சூழலுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டுள்ளது. ஆகவே அதே சூழலுக்குத் திரும்புவதால் அவர்களுக்குப் புதிதாகப் பாதிப்பு ஏற்படும் என்று கருத இடமில்லை.' கீழே ஆதாரமாக அவளுடைய அறிக்கை, முப்பத்தாறாம் பக்கம். அவளுடைய சொந்த வசனம் மேற்கோளாக இருந்தது.

மேடும் பள்ளமுமாகக் கோடு உள்ளவர்களைப் பற்றிய விதி ஒன்றும் மாறவில்லை. மாறியது ஒரு சொல்தான். அதற்கு அவள் தமிழ் கொடுக்கவேண்டும்.

கெல்லரைத் தொலைபேசியில் பிடிக்க மூன்று நாள் எடுத்தது. "நான் அனுப்பினேன்," என்றான். "எழுபது பக்கத்தையும் அனுப்பினேன். அவர்கள் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்." குரல் களைத்திருந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்றே அவளுக்குப் பட்டது.

அவள் பட்டியலை நிரப்பாமல் திருப்பி அனுப்பினாள். வேறு யாரோ நிரப்பினார்கள். ஆய்வைத் திரும்பப் பெறுவதாக அறிவியல் சஞ்சிகைக்கு எழுதினாள். விசாரணையில் இருப்பதாகப் பதில் வந்தது. வழக்கறிஞர் ஒருவர் வழக்குப் போட முன்வந்தார். மூன்று வருடமாவது ஆகும் என்றார். அவள் சம்மதித்தாள். அதற்கிடையில் தவமலரின் முடிவு வந்துவிட்டது.

அன்று வேறொரு மொழிபெயர்ப்பாளரைத்தான் போட்டிருந்தார்கள். சாம்பவி அவரிடம் கெஞ்சிக் கேட்டு அந்த இடத்தை வாங்கிக்கொண்டாள்.

அதே அறை, அதே அதிகாரி. தவமலரின் கன்னம் வற்றியிருந்தது. அதிகாரி வாசித்தார். சாம்பவி சொன்னாள். அந்த நான்காவது சொல் வந்த இடத்தில், படிவத்தில் யாரோ போட்டிருந்த தமிழையே வாசித்தாள்.

"'பழகியவர்.'"

"என்னத்துக்குப் பழகினது?"

"பயத்துக்கு."

தவமலர் விரல் மடித்து எண்ணினாள். "அப்ப முதல்ல, பயமில்லை, போ எண்டவை. இப்ப, பயம் பழகீட்டுது, போ எண்டினம்."

"ஓம் அக்கா."

"ஆர் கண்டுபிடிச்சது இதை?"

"நான்தான்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. சாம்பவி வாயைத் திறந்து, பல் இல்லாத இடத்தை விரலால் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள், சுருக்கமாக: கோட்டை, குழந்தை, தன் பல், அறிக்கை. தவமலர் குறுக்கிடாமல் கேட்டாள். ஏசுவாள் என்று சாம்பவி காத்திருந்தாள்.

"உங்கட கோடும் என்ர மாதிரித்தானோ?"

"ஓம். அதே மாதிரி."

"அப்ப உங்களை ஏன் இஞ்ச விட்டவை?"

"அப்ப பல்லைக் கேக்கேல்ல அக்கா. அம்மாவைக் கேட்டவை."

"அம்மா நல்லாக் கதைப்பாவோ?"

"இல்லை. ஒருக்காவும் முழுசாச் சொன்னதில்லை. அப்பா செத்த இடம் வரைக்கும் வருவா, பிறகு சத்தம் வராது. நாலு தரம் கூப்பிட்டு நாலு தரமும் அப்பிடித்தான். அஞ்சாம் தரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவன். கொஞ்ச நேரம் அம்மாவையே பாத்துக்கொண்டிருந்தான். பிறகு பேனையை மூடி வைச்சிட்டு, காணும், இனிச் சொல்ல வேண்டாம் எண்டான். அவ்வளவுதான்."

தவமலர் தலையை ஆட்டினாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியை ஒரு தரம் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை விமானம். அதற்கான தாளை அவள் பக்கம் தள்ளி, கையெழுத்திடும் இடத்தைக் காட்டினார்.

தவமலர் தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் தன் பெயரை அடையாளம் காணத் தெரியும்.

"தங்கச்சி, என்ர பேர் பிழையாக் கிடக்கு."

சாம்பவி பார்த்தாள். 'தவமாலா' என்று இருந்தது.

"திருத்தவேணும்," என்றாள் தவமலர்.

"திருத்தினா ஒண்டும் மாறாது அக்கா. நாளும் பிந்தாது."

"எனக்குத் தெரியும். என்ர மனுசன்ர பேரைக் காணாமப் போனவையின்ர லிஸ்டில சிவபாதம் எண்டு எழுதாம சிவநாதம் எண்டு எழுதிப்போட்டினம். பத்து வருசம். எந்தக் கந்தோருக்குப் போனாலும் அப்பிடி ஒருத்தர் இல்லையெண்டவை. பேரைத் திருத்தவே நாலு வருசம் போச்சு." தாளை மேசையில் வைத்து, கையால் நீவிவிட்டாள். "போற இடத்தில என்ன நடக்குமோ தெரியாது. காணாமப் போனாலும் சரியான பேரில போகவேணும். பின்னால தேடி வாற பிள்ளையள் அலையக்கூடாது."

சாம்பவி அதிகாரியிடம் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கி, சரி என்று கையசைத்தார்.

அவள் பேனையை எடுத்துப் பிழையான பெயரை ஒரே கோட்டில் வெட்டினாள். அதற்கு மேலே, பெரிதாக, ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து எழுதினாள். பக்கத்தில் தமிழிலும் எழுதினாள். தவமலர் தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "இது நான்தான்."

பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.